வெயிலில் இயங்கும் வழிகாட்டிக் கருவி



நீலகிரியின் மேல்மலைப் பகுதியை ஒரு முறை பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி எளிதில் மறக்காது. அலை அலையாகப் புல் போர்த்திய குன்றுகள். இரண்டு குன்றுகளுக்கு இடையே உள்ள மடுக்களில் மட்டும் கரும்பச்சை நிறத்தில் மரங்கள் நெருங்கி நிற்கும். இந்தக் காட்டுத் துண்டுகளுக்குச் சோலை என்று பெயர். புல்வெளியும் சோலையும் மாறி மாறி வரும் இந்த நிலத்தில் ஒரு குன்றைப் போலவே அடுத்த குன்றும் இருக்கும். ஒரு சோலையைப் போலவே அடுத்த சோலையும் இருக்கும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மூடுபனி மேலேறி வரும். அரை மணி நேரத்தில் பத்தடிக்கு அப்பால் நிற்பவர் முகம் தெரியாது.

வனத்துறையின் அனுமதி பெற்று, வழிகாட்டி ஒருவரும் ஆசிரியரும் உடன்வர, நீங்கள் பத்துப் பேர் அங்கே நடந்துகொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பனி இறங்கிவிட்டது. காலையில் புறப்பட்ட முகாம் எந்தப் பக்கம்? எவ்வளவு தூரம்? ஆசிரியர் தம் பையின் தோள்பட்டையில் மாட்டியிருந்த ஒரு சிறு கருவியை எடுக்கிறார். உள்ளங்கையில் அடங்கும் கருவி. அதன் திரையில் ஓர் அம்புக்குறியும் ‘1.8 கி.மீ.’ என்ற எழுத்தும் தெரிகின்றன. திரையைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை. அது சூரிய மின்கலம். வெயில் பட்டால் கருவியின் பாட்டரிக்கு அதுவே மின்சாரம் ஊட்டும்.

இந்தச் சிறு கருவி இரண்டு பொருள்களை வானத்திலிருந்து பெற்றுக்கொள்கிறது. ஒன்று, செயற்கைக்கோள்களிலிருந்து வரும் ரேடியோ அலை. மற்றொன்று, கதிரவனிடமிருந்து வரும் ஒளி. முதலாவது அதற்கு அறிவு. இரண்டாவது அதற்கு உணவு. இவை இரண்டும் எப்படி வருகின்றன, எப்போது வராமல் போகும் என்று தெரிந்தவரே இக்கருவியை நம்பி நடக்கலாம். அதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

கேட்கும் கருவி, பேசாத கருவி

ஜி.பி.எஸ். என்ற பெயரை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அமெரிக்கா நிறுவிய இடங்காட்டும் செயற்கைக்கோள் அமைப்பு அது. அதன் முதல் கோள் 1978 பிப்ரவரியில் விண்ணில் ஏவப்பட்டது. 1995இல் 24 கோள்களுடன் அமைப்பு முழுமை பெற்றது. பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே மாதத்தில் நீக்கினார்கள். அதன் பிறகுதான் கைக் கருவிகள் சில மீட்டர் அளவுக்குத் துல்லியமாக இடத்தைக் காட்டத் தொடங்கின. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகியவையும் இதே வகை அமைப்புகள்தாம். நம் நாடும் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் கோளை ஏவி, நாவிக் என்ற சொந்த அமைப்பைத் தொடங்கியது.

நாகப்பட்டினம், இராமேசுவரம் போன்ற கடற்கரை ஊர்களில் வாழும் மாணவர்களுக்கு இக்கருவி புதிதல்ல. மீன்பிடிப் படகுகளில் இதைப் பார்த்திருப்பார்கள். ஆனாலும் பலர் மனத்தில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ‘கருவி செயற்கைக்கோளிடம் கேட்கிறது, கோள் இடத்தைச் சொல்கிறது’ என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கருவி எதையும் அனுப்புவதில்லை. வானொலிப் பெட்டியைப் போல அது கேட்க மட்டும் செய்கிறது. வானொலி நிலையத்திற்கு உங்கள் வீட்டுப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியுமா? தெரியாது. அதேபோலச் செயற்கைக்கோளுக்கும் நீங்கள் இருக்கும் இடம் தெரியாது.

இதில் ஓர் எச்சரிக்கை அடங்கியிருக்கிறது. நீங்கள் மலையில் வழி தவறினால், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது உங்கள் கையிலுள்ள கருவிக்குத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது! ஆகவே எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டிலும் முகாமிலும் சொல்லிவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

நேரத்தை அளந்து தூரத்தை அறிதல்

மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வினாடிகளை எண்ணியிருக்கிறீர்களா? மூன்று வினாடி கழித்து இடி கேட்டால், மின்னல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்தில் வெட்டியது என்று பொருள். ஒலியின் வேகம் நமக்குத் தெரியும். அது எடுத்துக்கொண்ட நேரமும் தெரியும். எனவே தூரம் தெரிந்துவிடுகிறது.

ஜி.பி.எஸ். கருவி செய்வதும் இதே கணக்குத்தான். ஆனால் இங்கே வருவது ஒலியன்று, ரேடியோ அலை. அதன் வேகம் ஒளியின் வேகம். அதாவது வினாடிக்கு 3 இலட்சம் கி.மீ. செயற்கைக்கோள்கள் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. நேர் மேலே உள்ள கோளிலிருந்து அலை நம்மை வந்தடைய ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். ஒவ்வொரு கோளும் ‘நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு’ என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அலை புறப்பட்ட நேரத்தையும் வந்துசேர்ந்த நேரத்தையும் ஒப்பிட்டுக் கருவி தூரத்தைக் கண்டுபிடிக்கிறது.

ஒரு கோளின் தூரம் மட்டும் தெரிந்தால் போதாது. வயல்வெளியில் நிற்கும் நீங்கள், ‘பெரிய கோயில் கோபுரத்திலிருந்து 5 கி.மீ. தூரத்தில் இருக்கிறேன்’ என்று சொன்னால், கோபுரத்தைச் சுற்றிப் போட்ட ஒரு வட்டத்தின் மேல் எங்கே வேண்டுமானாலும் நீங்கள் இருக்கலாம். இரண்டாவது கோபுரத்தின் தூரத்தையும் சொன்னால் இரு வட்டங்களும் வெட்டும் இரண்டு புள்ளிகள் மிஞ்சும். மூன்றாவது கோபுரம் ஐயத்தைத் தீர்த்துவிடும். விண்வெளியில் வட்டத்துக்குப் பதிலாகக் கோளங்கள் வெட்டிக்கொள்கின்றன என்பதே வேறுபாடு.

அப்படியானால் மூன்று கோள்கள் போதுமே? இல்லை, நான்கு வேண்டும். காரணம் கடிகாரம். கோள்களில் இருப்பவை மிகத் துல்லியமான அணுக் கடிகாரங்கள். உங்கள் கையில் உள்ளதோ சாதாரணக் குவார்ட்சுக் கடிகாரம். அது ஒரு வினாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரத்தில் 300 மீட்டர் பிழை வந்துவிடும். இந்தப் பிசகைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்குத்தான் நான்காவது கோள். அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் என நான்கு தெரியாத எண்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிய நான்கு சமன்பாடுகள் தேவை. வகுப்பில் நீங்கள் இரண்டு சமன்பாடுகளை வைத்து இரண்டு தெரியாத எண்களைக் காண்பது போன்றதுதான் இது.

ஐன்ஸ்டைனுக்கும் இதில் பங்கு உண்டு. வேகமாகப் பறப்பதால் கோளின் கடிகாரம் சற்று மெதுவாகவும், பூமியின் ஈர்ப்பு அங்கே குறைவாக இருப்பதால் சற்று வேகமாகவும் ஓடுகிறது. கூட்டிக் கழித்தால் நாளொன்றுக்கு ஒரு வினாடியில் பத்து இலட்சத்தில் 38 பங்கு முந்துகிறது. இதைக் கவனிக்காமல் விட்டால் ஒரே நாளில் 11 கி.மீ. அளவுக்குத் தூரப் பிழை சேர்ந்துவிடும். ஆகவே இந்த முந்தலைக் கணக்கிட்டு, கடிகாரங்களைச் சற்று மெதுவாக ஓடும்படி அமைத்தே மேலே அனுப்புகிறார்கள்.

வெயிலின் கதை விண்ணில் தொடங்குகிறது

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. அதன் ‘பீப், பீப்’ ஒலியை அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் இரு இளம் விஞ்ஞானிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரயில் நெருங்கும்போது அதன் ஊதல் உயர்ந்தும், கடந்து போகும்போது தாழ்ந்தும் ஒலிக்கும் அல்லவா? அதைப் போலவே ஸ்புட்னிக்கின் அலையும் மாறுவதை அவர்கள் கவனித்தார்கள். அந்த மாற்றத்தைக் கொண்டு, கோள் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டுவிட்டார்கள். பிறகு அங்கே ஒரு கேள்வி எழுந்தது: கோள் இருக்கும் இடம் தெரிந்தால், கேட்பவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாதா? செயற்கைக்கோள் வழிகாட்டலுக்கு விதை இதுதான்.

ஆனால் ஸ்புட்னிக் மூன்று வாரங்களில் ஊமையாகிவிட்டது. பாட்டரி தீர்ந்துபோயிற்று! 1958 மார்ச்சில் ஏவப்பட்ட வான்கார்டு-1 என்ற சிறு கோளில் பாட்டரியோடு சூரிய மின்கலங்களையும் பொருத்தினார்கள். பாட்டரியில் இயங்கிய பகுதி சில மாதங்களுக்குள் நின்றுவிட்டது. வெயிலில் இயங்கிய பகுதியோ 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. சிலிக்கானால் ஆன அந்தச் சூரிய மின்கலத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தினர் உலகுக்குக் காட்டிய ஆண்டு 1954. அன்று அது தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கை மட்டுமே மின்சாரமாக மாற்றியது. இன்றைய நல்ல மின்கலங்கள் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேலும் மாற்றுகின்றன.

இன்று ஜி.பி.எஸ். கோள்கள் ஒவ்வொன்றும் இறக்கைபோல் சூரியப் பலகைகளை விரித்துக்கொண்டுதான் சுற்றுகின்றன. பேசும் கோளும், கேட்கும் கருவியும் ஒரே கதிரவனிடம் உணவு பெறுகின்றன. ஆனால் கோளுக்குப் பெரும்பாலான நேரமும் மறைவில்லாத வெயில். உங்கள் கைக் கருவிக்கோ மரமும் மேகமும் இரவும் குறுக்கே வருகின்றன. அந்தக் கணக்கை இனிப் போட்டுப் பார்ப்போம்.

அஞ்சல் தலை அளவு வெயில்

நண்பகலில் தெளிந்த வானத்தின் கீழே ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் ஒளியாற்றல் விழுகிறது. அப்படியானால் ஒரு சதுர சென்டிமீட்டரில் விழுவது 0.1 வாட். நம் கருவியின் சூரிய மின்கலம் 4 செ.மீ. நீளமும் 2½ செ.மீ. அகலமும் உடையது, அதாவது ஓர் அஞ்சல் தலை அளவுள்ளது, என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு 10 சதுர செ.மீ. விழும் ஒளி 1 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரமாகும், 0.2 வாட். நடக்கும்போது கருவி எப்போதும் கதிரவனை நேராக நோக்கி இராது. கையின் நிழல் விழும், தூசி படியும். ஆகவே பாதியைக் கழித்துவிடுவோம். கிடைப்பது 0.1 வாட்.

இப்போது செலவு. வண்ணப் படங்கள் இல்லாத, கறுப்பு வெள்ளைத் திரை கொண்ட சிக்கனமான கருவிக்கு 0.05 வாட் தேவை என்று கொள்வோம். இந்தத் திரை தனக்கென விளக்கு வைத்துக்கொண்டு எரிவதில்லை. மேலே விழும் வெயிலையே திருப்பி அனுப்பிக் காட்டுகிறது. அதனால் வெயில் ஏற ஏற எழுத்து தெளிவாகத் தெரியும். ஒளிரும் திரையோடு வழி காட்டும் கைப்பேசிக்கு ஒரு வாட்டுக்குக் குறையாமல் வேண்டும். அஞ்சல் தலை அளவு மின்கலத்தால் கைப்பேசியின் பசியில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஆற்ற முடியாது. வெயிலால் வாழும் வழிகாட்டி உருவானதற்குக் காரணம் மின்கலம் பெரிதானது மட்டுமன்று. கருவியின் பசி சிறிதானதும்தான்.

எனவே நல்ல வெயிலில் வரவு 0.1, செலவு 0.05. ஒரு மணி நேரம் வெயிலில் நடந்தால் இன்னொரு மணி நேரத்துக்கு வேண்டியதும் பாட்டரியில் சேமிப்பாகும். 2023இல் வெளிவந்த அத்தகைய கைக் கருவி ஒன்றுக்கு ‘முடிவில்லாத பாட்டரி’ என்றே விளம்பரம் செய்தார்கள். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: 75,000 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு. நண்பகல் வெயில் ஏறத்தாழ ஓர் இலட்சம் லக்ஸ். கனத்த மேகமூட்டத்தில் அது பத்தாயிரத்துக்கும் கீழே போய்விடும். எந்த விளம்பரத்தைப் படித்தாலும் நிபந்தனையையும் சேர்த்துப் படியுங்கள்!

புல்வெளி, மூடுபனி, சோலை

இனி நம் நீலகிரிப் பயணத்துக்குத் திரும்புவோம். அங்கே மூன்று வகை நிலைமைகள் உண்டு.

முதலாவது, வெயில் அடிக்கும் புல்வெளி. மேலே தடையில்லாத வானம். செயற்கைக்கோள் அலையும் வருகிறது, வெயிலும் வருகிறது. நடுக்கடலில் செல்லும் படகுக்கும் இதே நிலைமைதான். கருவி காட்டும் இடத்தில் சுமார் 5 மீட்டர் பிழை இருக்கலாம். பாட்டரியில் சேமிப்பு ஏறிக்கொண்டே போகும்.

இரண்டாவது, மூடுபனி. நம் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் ஜி.பி.எஸ். அலையின் நீளம் ஏறத்தாழ 19 செ.மீ. பனித்துளிகளோ மயிரிழையைவிட மெல்லியவை. அந்த அலைக்கு அவை ஒரு தடையே அல்ல. ஆகவே கருவி இடத்தை முன்போலவே காட்டும். குறைவது வெயில் மட்டுமே. வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் வரவு 0.01 வாட், செலவு அதே 0.05. மீதியைப் பாட்டரி ஈடுகட்ட வேண்டும். கண் தோற்கும் இந்த வேளையில்தான் கருவி மிகவும் உதவுகிறது.

மூன்றாவது, சோலை. இங்கே மரக்கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கூரைபோல் மூடியிருக்கின்றன. தரையை எட்டும் வெளிச்சம் நூற்றில் இரண்டு மூன்று பங்குதான். வரவு ஏறத்தாழ இல்லை. அதோடு போகவில்லை. இலைகளிலும் கிளைகளிலும் நீர் நிறைந்திருக்கிறது. நீர் ரேடியோ அலையை உறிஞ்சிக்கொள்ளும். மழையில் நனைந்த இலைகள் இன்னும் அதிகமாக உறிஞ்சும். நம்மை வந்தடையும் அலையின் வலிமை எவ்வளவு தெரியுமா? ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு! அவ்வளவு மெல்லிய குரலை இலைக்கூரை மேலும் மெலிவாக்கிவிடுகிறது. சில கோள்களின் குரல் கேட்காமலே போய்விடும். பாறைச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் அலை வேறு குழப்பும். சுற்றி வந்ததால் அது சற்று நீண்ட தூரத்தைக் காட்டுகிறது. அப்போது நீங்கள் நின்றுகொண்டிருந்தாலும் திரையில் நீங்கள் பத்து, இருபது மீட்டர் அங்குமிங்கும் தாவுவது போலத் தெரியும்.

கவனித்தீர்களா? எந்த இலை வெயிலை மறைக்கிறதோ, அதே இலைதான் செயற்கைக்கோளின் குரலையும் மறைக்கிறது. நாம் வழி தவறுவதற்கு வாய்ப்பு அதிகமாக உள்ள இடத்தில் கருவியின் உணவும் அறிவும் ஒருசேரக் குறைகின்றன. வெயிலில் இயங்கும் கருவியைப் பற்றி நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய முதல் பாடம் இதுதான்.

வெறும் பாட்டரியோடு புறப்படலாமா?

‘வெயில்தான் இருக்கிறதே, வழியில் தானே ஏறிக்கொள்ளும்’ என்று எண்ணி வெறும் பாட்டரியோடு புறப்படலாமா? கணக்குப் போடுங்கள். பாட்டரி முழுவதும் நிறைந்தால் அதில் 5 வாட்-மணி ஆற்றல் இருக்கும் என்று கொள்வோம். 0.05 வாட் செலவுக்கு அது 100 மணி நேரம் தாங்கும். காலியான அதே பாட்டரியை 0.1 வாட் தரும் மின்கலத்தால் நிரப்ப, கருவியை அணைத்தே வைத்திருந்தாலும், 50 மணி நேர நல்ல வெயில் வேண்டும். ஒரு நாளில் நண்பகல் வெயிலுக்கு ஈடாகக் கிடைப்பது ஐந்து மணி நேரம் என்றால், பத்து நாள்கள்!

இருபதில் ஒரு பங்கு மட்டும் நிறைந்த பாட்டரியோடு ஒருவர் புறப்பட்டார் என்று வையுங்கள். அவரிடம் இருப்பது 0.25 வாட்-மணி. காலையிலேயே பனி மூடிவிட்டால் ஆறு மணி நேரத்தில் கருவி அணைந்துவிடும். சோலைக்குள் இருந்தால் ஐந்தே மணி நேரம். அதாவது, மாலை இருட்டத் தொடங்கும்போது, மிகவும் தேவைப்படும் நேரத்தில், அது கண்ணை மூடிக்கொள்ளும். நிறைந்த பாட்டரியோடு புறப்பட்டவருக்கோ இருபது நாள் பனி மூடினாலும், பகலில் ஐந்து மணி நேரம் மட்டும் கருவியைப் போட்டுப் பார்த்தால், கவலை இல்லை. ஆகவே வீட்டிலேயே பாட்டரியை முழுவதும் நிரப்புங்கள். வெயில் தருவதைக் கூடுதல் வருமானமாக எண்ணுங்கள், முதலாக எண்ணாதீர்கள்.

கருவியைக் கையாளும் முறை

புறப்படும் முன் திறந்த வெளியில் நின்று கருவியை முடுக்குங்கள். கோள்கள் தங்கள் செய்தியை வினாடிக்கு 50 பிட் என்ற மிக மெதுவான வேகத்தில்தான் அனுப்புகின்றன. எல்லாக் கோள்களின் பொது அட்டவணையும் வந்துசேர 12½ நிமிடம் ஆகும். நெடுநாள் பெட்டியில் கிடந்த கருவி முதன்முதலில் இடத்தைக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். இந்தக் காத்திருப்பைச் சோலைக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இடம் தெரிந்ததும், முகாம் இருக்கும் இடத்தைக் கருவியில் குறித்துப் பெயரிட்டு வையுங்கள். இது ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் கிளம்பினால், ‘நான் இருப்பது இங்கே’ என்று கருவி சொல்லும். ‘வீடு இருப்பது அங்கே’ என்று சொல்லத் தெரியாது. அந்த எண்களை ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை. நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா (உயரம் 2,637 மீட்டர்) வடக்கு அட்சரேகை 11 பாகை 24 நிமிடத்தில் இருக்கிறது. இதை 11.24 பாகை என்று எழுதலாமா? கூடாது. ஒரு பாகைக்கு 60 நிமிடம். எனவே 24 நிமிடம் என்பது 0.40 பாகை. சரியான எண் 11.40. வித்தியாசம் 0.16 பாகைதானே என்று எண்ணாதீர்கள். ஒரு பாகை அட்சரேகை 111 கி.மீ. ஆகவே ஒரு புள்ளியைத் தவறாக இட்டதால் நீங்கள் ஏறத்தாழ 18 கி.மீ. தள்ளிப் போய்விடுவீர்கள்!

கருவியைச் சட்டைப் பையில் போடாதீர்கள். உங்கள் உடலிலும் நீர்தானே நிறைந்திருக்கிறது? அதுவும் அலையைத் தடுக்கும். பையின் தோள்பட்டையிலோ மேல்மூடியிலோ, முகம் வானத்தைப் பார்க்கும்படி மாட்டுங்கள். அப்படி வைத்தால் கோள்களின் குரலும் கேட்கும், வெயிலும் விழும். ஆனால் ஓய்வெடுக்கும்போது சுடும் பாறை மீதோ, மூடிய காருக்குள்ளோ வைக்காதீர்கள். சூடு ஏறினால் சூரிய மின்கலம் தரும் மின்சாரம் குறையும். லித்தியம் பாட்டரிக்கும் 45 பாகை செல்சியசுக்கு மேல் மின்னேற்றுவது கேடு.

திரும்பும்போது இரண்டு வழிகள் உண்டு. முகாமை நோக்கி அம்புக்குறியைப் போடச் சொல்லலாம். அல்லது வந்த தடத்தைக் காட்டச் சொல்லலாம். நடக்கும்போதே கருவி சற்றுச் சற்றுத் தூரத்துக்கு ஒரு புள்ளியாகத் தடத்தைப் பதிந்துகொண்டே வருகிறது. இரண்டில் எது நல்லது? அம்புக்குறி காட்டுவது காகம் பறக்கும் நேர்கோடு. ‘1.8 கி.மீ.’ என்று அது சொல்லும் கோட்டின் நடுவே ஒரு செங்குத்துப் பள்ளமோ, சதுப்போ, காட்டெருதுக் கூட்டமோ இருக்கலாம். கருவிக்கு அது தெரியாது. வந்த தடமோ உங்கள் கால்கள் ஏற்கெனவே கடந்துவந்த வழி. அது 3 கி.மீ. ஆனாலும் அதுவே நல்ல வழி.

இன்னொன்று. எளிய கருவிகள் பலவற்றில் காந்த ஊசிக்கு ஈடான உறுப்பு இராது. முன்பு இருந்த இடத்தையும் இப்போது இருக்கும் இடத்தையும் ஒப்பிட்டே அவை நீங்கள் போகும் திசையை அறிகின்றன. நின்ற இடத்திலேயே சுற்றினால் அம்புக்குறி தவறான பக்கத்தைக் காட்டும். இருபது, முப்பது மீட்டர் நேராக நடந்து பாருங்கள், அம்பு சரியாகிவிடும். பனியில் அப்படி நடப்பது ஆபத்தாக இருந்தால்? அதற்குத்தான் தனியே ஒரு காந்தத் திசைகாட்டி வேண்டும். அதற்குப் பாட்டரியும் வேண்டாம், வெயிலும் வேண்டாம்.

காகித வரைபடத்தையும் விட்டுவிடாதீர்கள். ஆனால் பழைய நில அளவை வரைபடங்களைப் பயன்படுத்தும்போது ஒரு நுட்பம் உண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் தொடங்கிய அளவைப் பணி, பின்னாளில் இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்து முடித்தது. அதன்வழி வந்த பழைய வரைபடங்கள், ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் கணித்த பூமியின் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜி.பி.எஸ். கொள்ளும் வடிவம் வேறு. இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் நூறு மீட்டருக்கு மேலும் விலகல் வரக்கூடும். கருவியின் அமைப்புப் பட்டியலில் வரைபடத்துக்கு ஏற்ற அடிப்படையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கும். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோலைக்குள் போய்விட்டு என்ன செய்வது?

சோலைக்குள் கருவி தடுமாறினால் பதற்றப்பட வேண்டாம். நில்லுங்கள். கூட்டமாகச் சேர்ந்து இருங்கள். மரக்கூரையில் சிறு இடைவெளி உள்ள இடமாகப் பார்த்து, கருவியை உடலிலிருந்து விலக்கி உயர்த்திப் பிடித்து, ஒரு சில நிமிடம் காத்திருங்கள். தாவிக்கொண்டிருக்கும் புள்ளி மெல்ல அடங்கும். நீங்கள் ஓரிடத்தில் நின்றால் கருவியும் நிதானப்படும். நடந்துகொண்டே அதை நம்புவதைவிட, நின்று கேட்டுவிட்டு நடப்பது மேல். முடிந்தால் வந்த தடத்திலேயே புல்வெளிக்குத் திரும்பிவிடுங்கள். அங்கே வானமும் திறந்திருக்கும், வெயிலும் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களோடு வரும் வழிகாட்டியின் பேச்சைக் கேளுங்கள். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைக் கருவி சொல்லும். அந்த இடத்தில் நிற்கலாமா, நேற்று அங்கே எந்த விலங்கு வந்தது, இந்த ஓடையில் மழைக்குப் பின் நீர் எவ்வளவு ஏறும் என்பதெல்லாம் அங்கே பிறந்து வளர்ந்தவருக்குத்தான் தெரியும்.

செய்து பாருங்கள்

இந்தக் கருவி உங்களிடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இடங்காட்டும் வசதியுள்ள கைப்பேசி ஒன்று போதும். ஆசிரியரின் உதவியுடன் பள்ளி மைதானத்தின் நடுவில் ஓர் இடத்தில் கல் ஒன்றை வைத்து, அட்சரேகை தீர்க்கரேகை எண்களைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறையாக ஐந்து முறை குறியுங்கள். அடுத்து, அடர்ந்த வேப்பமரம் அல்லது ஆலமரத்தின் அடியில் அதே போல ஐந்து முறை குறியுங்கள். ஒரு நிமிட அட்சரேகை 1.85 கி.மீ. என்றும், ஒரு வினாடி அட்சரேகை 31 மீட்டர் என்றும் வைத்துக்கொண்டு, இரண்டு இடங்களிலும் எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று கணக்கிடுங்கள்.

பிறகு சூரிய மின்கலத்தில் இயங்கும் ஒரு கணிப்பானையோ சிறு விளக்கின் மின்கலத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். மின்கலத்தோடு ஒரு மின்னோட்டமானியை இணைத்து, அதே இரு இடங்களிலும் அளந்து பாருங்கள். மைதானத்தில் ஓர் எண். மரத்தடியில் ஓர் எண். இரண்டு சோதனைகளின் விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எந்த மரம் வெயிலை அதிகமாக மறைக்கிறதோ, அதன் அடியில் எண்களின் சிதறலும் அதிகமாக இருக்கிறதா? வெவ்வேறு மரங்களின் அடியில் சோதித்து நீங்களே முடிவு சொல்லுங்கள்.

அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மலையேறும் மாணவர், பனி இறங்கும் வேளையில் தம் கருவியின் திரையைப் பார்க்கும்போது, அது சொல்வதில் எவ்வளவு நம்பலாம் என்றும் தெரிந்துகொண்டிருப்பார். வழி தவறாமல் வீடு திரும்புவதற்கு அந்த அறிவு மிகவும் தேவை.